பண்ணைக்குட்டையின் கனஅளவு: ஒரே குழிக்கு மூன்று விடைகள் வருவது ஏன்?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் எங்களுக்கு இருக்கும் மானாவாரி நிலத்தில், மழைநீரைத் தேக்கி வைப்பதற்காகச் சென்ற மாதம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். குட்டையின் வாய் 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். ஆழம் 3 மீட்டர். கரை இடிந்து விழாமல் இருக்க, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்படி நான்கு பக்கமும் சரிவு விட்டிருக்கிறோம். அதனால் அடித்தளம் 21 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமுமாகக் குறுகிவிட்டது.

பொக்லைன் உரிமையாளரிடம் மணிக்கணக்கில் பேசாமல், வெட்டி எடுக்கும் மண்ணுக்குக் கன மீட்டர் ஒன்றுக்கு 70 ரூபாய் என்று பேசியிருந்தோம். வேலை முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. அவர் மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அடிப்பரப்பு 231 சதுர மீட்டர், இரண்டின் சராசரி 415.5, அதை ஆழத்தால் பெருக்கினால் 1246.5 கன மீட்டர் என்றார். கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் என் அக்கா மகன், பரப்புகளைச் சராசரி எடுக்கக் கூடாது, நீள அகலங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும் என்று சொல்லி, 25.5 × 15.5 × 3 என்று கணக்கிட்டு 1185.75 கன மீட்டர் என்றான். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அளவியல் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது என்று புத்தகத்தை எடுத்துவந்து, வட்டப் பரப்புகள் இருந்த இடத்தில் எங்கள் குட்டையின் செவ்வகப் பரப்புகளை இட்டு, இரண்டு பரப்புகளையும் அவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினாள். அவளுக்கு ஏறத்தாழ 1203.29 கன மீட்டர் வந்தது.

முதல் விடைக்கும் இரண்டாவது விடைக்கும் இடையில் மட்டும் 60.75 கன மீட்டர், அதாவது 4,252 ரூபாய் 50 காசு வித்தியாசம் இருக்கிறது. பணத்தைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. மூவரும் கூட்டல் பெருக்கலில் பிழை செய்யவில்லை. நான் கால்குலேட்டரில் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியிருக்க, கண்ணெதிரே கிடக்கும் ஒரே குழிக்கு மூன்று கனஅளவுகள் எப்படி வரும்? இவற்றில் சரியானது எது? சூத்திரத்தை மட்டும் எழுதினால் என் மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால், காரணத்தையும் சேர்த்து விளக்கினால் உதவியாக இருக்கும். கூடவே, வாயிலிருந்து அரை மீட்டர் குறைவாகத் தண்ணீர் நிற்கும்போது குட்டை எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.


மறுமொழி 1: ரசமட்டம்

நண்பரே, நீங்கள் தந்திருக்கும் அளவுகள் சரியாக இருக்குமானால், மூன்று விடைகளில் ஒன்றுகூடச் சரியன்று. சரியான கனஅளவு 1206 கன மீட்டர். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்வேலை அளந்தவன் என்பதால் இந்தச் சச்சரவு எனக்குப் புதிதல்ல. இதைத் தீர்ப்பதற்குச் சூத்திரமே தேவையில்லை, குட்டையை மனத்துக்குள் துண்டு போட்டாலே போதும்.

அடித்தளத்தின் நான்கு ஓரங்களிலிருந்தும் செங்குத்தாக மேலே சுவர் எழுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர்கள் வாய் மட்டத்தை எட்டியதும் கரை வரைக்கும் நீட்டப்பட்டால், குட்டை ஒன்பது துண்டுகளாகப் பிரிந்துவிடும். நடுவில் இருப்பது 21 × 11 × 3 அளவுள்ள கனச்செவ்வகம். அதன் கனஅளவு 693. அதைச் சுற்றி நான்கு பக்கங்களிலும் சரிவின்மேல் அமர்ந்திருப்பவை முக்கோணப் பட்டகங்கள். சரிவு மூன்று மீட்டர் ஆழத்துக்கு 4.5 மீட்டர் உள்வாங்குவதால், ஒவ்வொன்றின் முக்கோண முகமும் அரை × 4.5 × 3, அதாவது 6.75 சதுர மீட்டர். நீளவாட்டில் இருக்கும் இரண்டும் தலா 21 மீட்டர் நீளமானவை என்பதால் இரண்டும் சேர்ந்து 283.5, அகலவாட்டில் இருக்கும் இரண்டும் தலா 11 மீட்டர் என்பதால் சேர்ந்து 148.5.

எஞ்சியவை நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் இருப்பது, மேலே 4.5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை முகமாகக் கொண்டு, கீழே அடித்தளத்தின் மூலைப் புள்ளியில் கூர்ந்து முடியும் தலைகீழ்ப் பிரமிடு. பிரமிடின் கனஅளவு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கி மூன்றால் வகுத்தது, ஆகவே 20.25 × 3 ÷ 3 = 20.25. நான்கு மூலைகளுக்கு 81. எல்லாவற்றையும் கூட்டினால் 693 + 283.5 + 148.5 + 81 = 1206. இதில் தோராயம் எதுவும் இல்லை.

இப்போது மற்றவர்களின் முறைகளையும் இதே ஒன்பது துண்டுகள்மேல் வைத்துப் பாருங்கள். நடுக் கனச்செவ்வகத்துக்கும் நான்கு பட்டகங்களுக்கும் பரப்புச் சராசரியும் சரியான விடையையே தரும், நீள அகலச் சராசரியும் சரியான விடையையே தரும். பிசகு முழுவதும் நான்கு மூலைகளில்தான் குடியிருக்கிறது. பரப்புகளைச் சராசரி எடுப்பவர் மூலைப் பிரமிடுக்கு 20.25-க்கும் பூச்சியத்துக்கும் நடுவான 10.125-ஐ எடுத்து, 3-ஆல் பெருக்கி 30.375 என்கிறார், ஒவ்வொரு மூலையிலும் 10.125 மிகுதி, நான்கிலும் 40.5 மிகுதி. நீள அகலங்களைச் சராசரி எடுப்பவர் 2.25 × 2.25 × 3 என்று 15.1875 எடுக்கிறார், ஒவ்வொரு மூலையிலும் 5.0625 குறைவு, நான்கிலும் 20.25 குறைவு. 1246.5-இலிருந்து 40.5-ஐக் கழித்தாலும் 1185.75-உடன் 20.25-ஐக் கூட்டினாலும் வந்து சேரும் இடம் 1206 ஒன்றுதான்.

பொக்லைன் உரிமையாளர் ஏமாற்றப் பார்த்தார் என்று எண்ண வேண்டாம். இரு முனைப் பரப்புகளின் சராசரியை நீளத்தால் பெருக்குவது சாலை, கால்வாய் வேலைகளில் அன்றாடம் கையாளப்படும் முறை. அடுத்தடுத்த இரண்டு குறுக்குவெட்டுகளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் வேலைகளில் அதனால் வரும் பிசகு அற்பமானது. உங்கள் குட்டையில் மேற்பரப்பு அடிப்பரப்பைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது என்பதால்தான் அது கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு: அரை மீட்டர் விட்டு 2.5 மீட்டருக்கு நீர் நின்றால், நீர்ப்பரப்பு 28.5 × 18.5 ஆக இருக்கும். அந்த அளவுகளை வைத்து மேலே சொன்னபடியே துண்டு போட்டால் 924.375 கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர்; ஆகவே ஏறத்தாழ 9 லட்சத்து 24 ஆயிரம் லிட்டர். ஆழத்தில் ஆறில் ஒரு பங்குதான் விட்டிருக்கிறீர்கள், ஆனால் கொள்ளளவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். இதன் மறுபக்கத்தையும் கோடைக்காலத்தில் பார்ப்பீர்கள்: தண்ணீர் பாதி ஆழத்துக்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கு இறங்கிவிட்டால், மிஞ்சியிருப்பது பாதித் தண்ணீர் அன்று, 464.6 கன மீட்டர்தான், முழுக் கொள்ளளவில் நூற்றுக்கு 39-ஐ எட்டாது.


மறுமொழி 2: கணக்கு டீச்சர்

ரசமட்டம் ஐயா துண்டு போட்டுக் காட்டிய முறை மிகத் தெளிவானது. ஆனால், அந்தப் பெண் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி எனக்கு இப்போதே காதில் விழுகிறது: பிரமிடுக்கு மூன்றால் வகுப்பது எங்கிருந்து வந்தது? வகுப்பில் வழக்கமாகக் கூம்பில் மணலை நிரப்பி, அதே ஆரமும் உயரமும் கொண்ட உருளையில் மூன்று முறை கொட்டிக் காட்டுவோம். அது உண்மையைக் காட்டுமே தவிரக் காரணத்தைக் காட்டாது. உங்கள் குட்டையின் மூலையில் இருக்கும் பிரமிடுக்கோ, சமையலறையிலேயே காரணத்தைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

சேனைக்கிழங்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை நறுக்கிக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் மையால் புள்ளி வையுங்கள். அந்த மூலையில் மூன்று முகங்கள் வந்து சந்திக்கும். மூன்றிலும் புள்ளியிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு வரையுங்கள். ஒவ்வொரு கோட்டின் வழியாகவும் கத்தியை அந்த முகத்துக்குச் செங்குத்தாக இறக்கி, மறுபக்கம் வரை வெட்டுங்கள். முதல் வெட்டு முடிந்ததும் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கிக்கொள்ளாவிட்டால் துண்டுகள் நழுவிவிடும்; நான் முதன்முறை செய்தபோது பாதியிலேயே பொரியலுக்குப் போட வேண்டியதாயிற்று. மூன்று வெட்டும் முடிந்ததும் ஆறு துண்டுகள் கிடைக்கும். அவற்றில் மூன்று ஒரே அச்சு. மற்ற மூன்றும் அவற்றின் கண்ணாடி உருவங்கள். ஆகவே ஆறின் கனஅளவும் சமம். இப்போது, புள்ளி வைத்த மூலையைத் தொடும் ஒரு முகத்தின் இரு பாதிகளைத் தாங்கிய இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால், சதுர முகமும் அதன் ஒரு மூலைக்கு நேர் கீழே கூர் முனையும் கொண்ட பிரமிடு ஒன்று உருவாகும். உங்கள் குட்டையின் மூலையில் இருப்பதும் இதே வடிவந்தான். ஆறு துண்டுகளிலிருந்து இப்படி மூன்று பிரமிடுகள் கிடைப்பதால், ஒன்றின் கனஅளவு கனசதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

குட்டையின் மூலை 4.5 × 4.5 × 3 என்று தட்டையாக இருக்கிறதே, கனசதுரம் இல்லையே என்று கேட்டால், சேனைக்குப் பதிலாகப் பிசைந்த மாவு என்று எண்ணிக்கொண்டு, கனசதுரத்தை எங்கும் ஒரே சீராக உயரத்தில் மூன்றில் இரண்டாகத் தாழ்த்துவதாக நினைத்துப் பாருங்கள். முழுதும் மூன்றில் இரண்டாகும், பிரமிடும் மூன்றில் இரண்டாகும். அவற்றுக்கு இடையிலான ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் அப்படியே நிற்கும்.

அடுத்து, மகள் போட்ட கணக்கு. அவள் செய்தது எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய தவறு அன்று. ஆரங்களின் பெருக்குத்தொகை இருந்த இடத்தில் பரப்புகளின் வர்க்கமூலத்தைக் கண்டுகொண்டதற்காக நான் முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். அந்தச் சூத்திரம் கூம்பையோ பிரமிடையோ அடிக்கு இணையாக வெட்டி, முனைப் பகுதியை நீக்கிய பிறகு எஞ்சும் இடைக்கண்டத்துக்கு உரியது. ஆகவே, சரிவுகளை நீட்டிக்கொண்டே போனால் அவை அனைத்தும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், மேல் வடிவமும் கீழ் வடிவமும் ஒரே விகிதத்தில் பெரிதும் சிறிதுமாக இருக்க வேண்டும். உங்கள் குட்டையின் வாயில் நீளம் அகலத்தைப்போல 1.5 மடங்கு, அடியிலோ 21-க்கு 11, ஏறத்தாழ 1.91 மடங்கு. நான்கு பக்கமும் ஒரே சரிவில் உள்வாங்கும் செவ்வகக் குழி எதுவும், சதுரமாக இல்லாதவரை, இப்படித்தான் விகிதம் மாறும்.

இந்தக் குட்டையை மேலும் தோண்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். 6.67 மீட்டர் ஆழத்தில் அகலம் பூச்சியமாகிவிடும். ஆனால் நீளத்தில் அப்போதும் 10 மீட்டர் மிச்சம் இருக்கும். அதாவது நான்கு பக்கமும் சரிவுள்ள ஓட்டு வீட்டின் கூரையைத் தலைகீழாகக் கவிழ்த்தால், முகட்டு வளை எப்படிக் கீழே பத்து மீட்டருக்குக் கிடையாகக் கிடக்குமோ, அப்படிப்பட்ட வடிவம் இது. கூர் முனை இல்லாததால் இது பிரமிடின் இடைக்கண்டம் ஆகாது. அதனால்தான் 1203.29 என்று, சரியான விடைக்கு மிக அருகில் வந்தும் அதைத் தொடாமல் நின்றுவிட்டது. அடித்தளம் 21 × 14 ஆக இருந்திருந்தால் விகிதம் அப்படியே காக்கப்பட்டிருக்கும். அப்போது 600, 294, அவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலமான 420 ஆகியவற்றைக் கூட்டினால் 1314 கன மீட்டர் என்று துல்லியமாகவே வந்திருக்கும்.


மறுமொழி 3: ஓலைநறுக்கு

நீங்கள் மூவரும் போட்ட சண்டையை நம் நாட்டுக் கணக்கர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், குழி வெட்டுவது பற்றிய கணக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் அவர் நீள அகலங்களைச் சராசரி எடுத்து வரும் கனஅளவை நடைமுறை அளவு என்றும், பரப்புகளைச் சராசரி எடுத்து வருவதைப் பருமட்டான அளவு என்றும் பிரித்துக்கொண்டு, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்னதுடன் சேர்த்தால் நுட்பமான அளவு கிடைக்கும் என்கிறார். உங்கள் எண்களில் 1246.5-இலிருந்து 1185.75 போக மிச்சம் 60.75, அதில் மூன்றில் ஒரு பங்கு 20.25, 1185.75-உடன் சேர்த்தால் 1206. உங்கள் அக்கா மகனும் பொக்லைன்காரரும் சொன்ன இரண்டு தவறான விடைகளையே வைத்துக்கொண்டு சரியான விடையை எடுத்துவிடலாம் என்பது இதிலுள்ள அழகு.

1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி இதையே இன்னும் எளிதாக்கியது. வாயின் பரப்பு, அடியின் பரப்பு, இரண்டின் நீளங்களையும் கூட்டி இரண்டின் அகலங்களையும் கூட்டிப் பெருக்கிய பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்க வேண்டும். அவர் தரும் எடுத்துக்காட்டே ஒரு நீர்நிலைதான்: வாய் 12 முழம் நீளமும் 10 முழம் அகலமும், அடி அவற்றில் பாதி, ஆழம் 7 முழம். 120, 30, 18 × 15 = 270, ஆக மொத்தம் 420; ஆறால் வகுத்தால் 70; ஏழால் பெருக்கினால் 490 கன முழம். உங்கள் குட்டைக்கு 600, 231, 51 × 31 = 1581, மொத்தம் 2412; ஆறால் வகுத்தால் 402; மூன்றால் பெருக்கினால் 1206. இந்த வழியில் வர்க்கமூலமும் இல்லை, துண்டு போடுவதும் இல்லை.


மறுமொழி 4: கமலைக்கிணறு

இந்த இழையிலேயே என் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். எங்கள் கிணறு வட்டமானது. மேலே அகன்று கீழே குறுகியது. நடுவில் போய் நின்று ஆரம் அளக்க வழியில்லை. கயிறு போட்டுச் சுற்றளவுதான் எடுக்க முடிந்தது: வாயில் 66 அடி, தூர் வாரியபோது அடியில் 44 அடி, ஆழம் 30 அடி. இதற்கும் ஆறால் வகுக்கும் கணக்குப் பொருந்துமா, அல்லது பாடப்புத்தகச் சூத்திரம்தான் போட வேண்டுமா?


மறுமொழி 5: கணக்கு டீச்சர்

இரண்டும் பொருந்தும். வட்டங்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று வடிவொத்தவை என்பதால், குட்டையில் வந்த விகிதச் சிக்கல் கிணற்றில் வராது. சரிவு சீராக இருக்கும்வரை அது உண்மையான கூம்பின் இடைக்கண்டந்தான்.

பையை 22/7 என்று கொண்டால் மேல் ஆரம் 10.5 அடி, கீழ் ஆரம் 7 அடி. பாடப்புத்தகச் சூத்திரத்தின்படி மேல் ஆரத்தின் வர்க்கம் 110.25, இரண்டு ஆரங்களின் பெருக்குத்தொகை 73.5, கீழ் ஆரத்தின் வர்க்கம் 49, கூட்டினால் 232.75. இதைப் பையாலும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கான பத்தாலும் பெருக்கினால் 7315 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால், கிணறு நிறைந்து நின்றால் இரண்டு லட்சத்து ஏழாயிரம் லிட்டர் அளவுக்குக் கொள்ளும்.

ஆறால் வகுக்கும் வழியில் போவதானால், பாதி ஆழத்தில் சுற்றளவு 66-க்கும் 44-க்கும் நடுவான 55 அடி. வட்டத்தின் பரப்புக்கு, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கும் பழைய வழக்கம் கயிறு போட்டு அளப்பவர்களுக்கு மிகவும் கைகொடுக்கும். அதன்படி வாயில் 33 × 10.5 = 346.5, நடுவில் 27.5 × 8.75 = 240.625, அடியில் 22 × 7 = 154. நடுப்பரப்பை நான்கு மடங்காக்கி மற்ற இரண்டுடன் கூட்டினால் 1463. ஆறால் வகுத்து முப்பதால் பெருக்கினால் மீண்டும் 7315.

லீலாவதியில் நீளங்களைக் கூட்டி அகலங்களைக் கூட்டிப் பெருக்கியதும், நான் இங்கே நடுப்பரப்பை நான்கு மடங்காக்கியதும் ஒன்றே. 51-இல் பாதி 25.5, 31-இல் பாதி 15.5 என்பதைக் கவனித்தால் விளங்கும். இப்படி மேல், நடு, கீழ் என்று மூன்று பரப்புகளை எடுத்து, நடுவுக்கு நான்கு பங்கு கொடுத்து, கூட்டுத்தொகையை உயரத்தால் பெருக்கி ஆறால் வகுக்கும் முறை, அளவியல் பாடத்தில் வரும் திண்ம வடிவங்கள் அனைத்துக்கும் செல்லும். கூம்பில் முனையின் பரப்பு பூச்சியம். பாதி உயரத்தில் ஆரம் பாதியாவதால் பரப்பு நாலில் ஒன்று. அதை நான்கால் பெருக்கினால் மறுபடியும் ஒரு முழு அடிப்பரப்பு. ஆக இரண்டு அடிப்பரப்புகள், ஆறால் வகுத்தால் மூன்றில் ஒன்று. கோளத்தில் உச்சியும் அடியும் வெறும் புள்ளிகள் என்பதால் இரண்டும் பூச்சியம். நடுவில் முழு வட்டம் நான்கு பங்கு. உயரம் ஆரத்தைப்போல இரண்டு மடங்கு. நான்கையும் இரண்டையும் பெருக்கி ஆறால் வகுத்தால் மூன்றில் நான்கு. பையையும் ஆரத்தின் கனத்தையும் பக்கத்தில் வைத்தால் அதுவே கோளத்தின் கனஅளவு. உருளையிலும் கனச்செவ்வகத்திலும் மூன்று பரப்புகளும் சமம் என்பதால் சொல்லவே வேண்டாம். கரிசல்மண் அவர்களின் மகள் தேர்வில் இதை எழுதினால் திருத்துபவர் ஏற்பாரா என்பது வேறு. ஆனால் சூத்திரம் மறந்துபோன இடத்தில் விடையைச் சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.


மறுமொழி 6: கரிசல்மண்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் மிக்க நன்றி. மூலைகளில்தான் பிசகு இருக்கிறது என்று படித்தவுடன் என் மகள் நோட்டில் ஒன்பது கட்டம் போட்டு, தானே ஒருமுறை கூட்டிச் சரிபார்த்துவிட்டாள். சேனை இந்த வாரச் சந்தையில் கிடைக்காததால் பெரிய முள்ளங்கி ஒன்றைச் செதுக்கினோம். ஐந்து சென்டிமீட்டர் தேறவில்லை, மூன்றுதான் தேறியது, ஆனாலும் ஆறு துண்டுகளும் சொன்னபடியே வந்தன.

பொக்லைன் உரிமையாளரிடம் 1206 என்று சொன்னேன். அவர் கணக்கை மறுக்கவில்லை; ஆனால் மண்ணை டிராக்டரில் அடித்த நடைகளின் எண்ணிக்கையைக் காட்டி, ஒவ்வொரு பெட்டியின் கொள்ளளவால் பெருக்கினால் 1400 கன மீட்டருக்கும் மேல் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது.


மறுமொழி 7: ரசமட்டம்

அவர் எண்ணியதில் பொய் இருக்க வேண்டியதில்லை. நிலத்துக்குள் இறுகிக் கிடந்த மண்ணைக் கிளறி எடுத்தால், கட்டிகளுக்கு இடையே காற்று புகுந்து அது பெருகிவிடும். சாதாரண மண்ணே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடிவிடும், இறுகிய களிமண் அதைவிடவும் கூடலாம். ஆகவே பெட்டியில் அளந்த கன மீட்டரும் குழியில் அளந்த கன மீட்டரும் வெவ்வேறு பொருள்கள். எதற்குக் கூலி என்று தொடங்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் விட்டிருந்தால், மண்வேலையில் குழியளவுக்குக் கூலி என்பதே பொது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது அவருக்குச் சாதகமாகக்கூட முடியலாம். நாம் போட்ட 1206 என்பது கரைச் சரிவு பலகை வைத்தாற்போல நேராக இருக்கும் குட்டைக்கு உரியது. பொக்லைன் வாளி அப்படி நேராகச் சீவுவதில்லை. நடுவில் சற்றுக் குழிந்தோ புடைத்தோதான் இருக்கும். டீச்சர் அம்மா சொன்ன முறையின் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. நடுப்பரப்பை மேல் கீழ் அளவுகளிலிருந்து கணக்கிட்டு எடுக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நான்கு கரைகளிலும் முளையடித்து, ரசமட்டக் குழாயால் மட்டம் பார்த்து, நாடாவைப் பிடித்து நேரில் அளந்து எடுங்கள். ஆழத்தையும் ஒரே இடத்தில் பார்க்காமல், நான்கைந்து இடங்களில் பார்த்துச் சராசரி எடுங்கள். அடுத்த முறை வெட்டும்போது நடுவில் ஓரிரண்டு மண் திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைத்தால், பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்ற சண்டையும் வராது. அளந்து முடித்த பிறகு அவற்றை வெட்டி எடுத்துவிடலாம்.


மறுமொழி 8: கரிசல்மண்

நேற்றுக் காலையில் வெயில் ஏறுமுன் அவரையும் வைத்துக்கொண்டே அளந்தோம். அக்கா மகன் நாடாவின் ஒரு முனையையும் அவர் மறுமுனையையும் பிடித்தார்கள், மகள் எழுதிக்கொண்டாள். வாயும் அடியும் நான் முன்பு எழுதியவாறே இருந்தன. ஆழமும் சராசரியில் 3 மீட்டர்தான். நடு ஆழத்தில் மட்டும் 25.5 × 15.5 வர வேண்டிய இடத்தில் 25.7 × 15.6 வந்தது, ஐயா சொன்னதுபோலவே கரை நடுவில் சற்றுக் குழிந்திருக்கிறது. 400.92-ஐ நான்கால் பெருக்கி, 600-உம் 231-உம் சேர்த்தால் 2434.68, ஆறால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1217.34 கன மீட்டர்.

70 ரூபாய் வீதம் 85,213 ரூபாய் 80 காசு ஆயிற்று. 85,200 என்று முடித்துக்கொண்டோம். கிளம்பும்போது அவர், மகள் நோட்டில் அந்த ஆறால் வகுக்கும் கணக்கு எழுதியிருந்த பக்கத்தைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு குட்டை வெட்டப் போகிறாராம்.